குண்டு விழுந்த பக்கம்

சிங்கவரத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். செஞ்சிக்கு வடக்கே நாலைந்து கிலோமீட்டரில், மலையைக் குடைந்த கோயிலில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறாரே, அந்தச் சிங்கவரம்தான். வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய முத்து காமிக்ஸ் வைத்திருக்கிறாராம். ‘விங் கமாண்டர் ஜார்ஜ் மாதிரி விமான சாகசக் கதைகளின் பொற்காலம் இனி திரும்புமா சார்? அதையெல்லாம் மறுபடி அச்சுப் போடச் சொல்லி நீங்கள் எழுதக் கூடாதா?’ என்று கேட்கிறார்.

எழுதலாம். ஆனால் அவர் கேட்டபடி எழுத முடியாது. நான் எழுதப் போவது அவருக்குப் பிடிக்காது. உங்களில் பலருக்கும் பிடிக்காது. பரவாயில்லை. எல்லோருக்கும் பிடித்ததை மட்டும் சொல்வதற்கு வாழ்த்து அட்டை இருக்கிறது.

பொற்காலம் திரும்ப வேண்டாம் என்பது என் கட்சி. பழசை மறுபடி அச்சுப் போடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை, தாராளமாகப் போடட்டும். ஆனால் வானத்தில் நடந்த அந்த யுத்தத்தின் பாதிக் கதைதான் அந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மீதிப் பாதி நம்முடையது. அதை வரைகிற வேலையைக் கையிலெடுக்காமல், கிடைத்த பாதிக்கே சூடம் காட்டிக்கொண்டிருப்பது வெட்கக்கேடு.

நான் படித்தது பி.காம். அதில் முதல் வருஷமே இரட்டைப் பதிவு முறையைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இடது பக்கம் ஒரு தொகையைப் பார்த்தால், அதற்கு ஈடான தொகை வலது பக்கம் எங்கே என்று கண் தேடும். ஒரு குண்டு விமானத்திலிருந்து கிளம்பியது என்றால், அது எங்கேயோ, யார் தலையிலோ விழுந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எங்கே?

*

முதலில் நம் ஜார்ஜ் யார் என்று பார்த்துவிடலாம்.

அவருடைய நிஜப் பெயர் ஜானி ஹஸார்ட். அமெரிக்க ஓவியர் ஃபிராங்க் ராபின்ஸ் நாளிதழ்களுக்காக வரைந்த படத்தொடர். ஆரம்பித்த தேதி 1944 ஜூன் 5. மறுநாள்தான் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கின. அதாவது, யுத்தம் உச்சத்தில் இருந்தபோதே பிறந்த கதாநாயகன். தொடர் 1977 வரை ஓடியது. நடுவில் யுத்தம் முடிந்துவிட்டதால், விமானி ரகசிய ஏஜென்ட் உத்தியோகத்துக்கு மாறிக்கொண்டார்.

சிவகாசிக்கு வந்ததும் ஹஸார்ட், ஜார்ஜ் ஆனார். கூடவே ஒரு புரொமோஷனும் கிடைத்தது. அமெரிக்க விமானப்படையில் ‘விங் கமாண்டர்’ என்ற பெயரில் ரேங்க்கே கிடையாது. அது பிரிட்டிஷ் விமானப்படையில் உண்டு, நம் விமானப்படையில் உண்டு. அமெரிக்கருக்கு இந்திய ரேங்க் கொடுத்து, பக்கத்து விமான தளத்து ஆள் மாதிரி ஆக்கிவிட்டார்கள். பலே சாமர்த்தியம்!

ஜார்ஜ் தனி ஆளும் இல்லை. 1941 ஆகஸ்ட் தேதியிட்ட ‘மிலிட்டரி காமிக்ஸ்’ முதல் இதழில் பிளாக்ஹாக் வந்தார். 1942ல் ஏர்பாய். 1943 நவம்பரில் ராய் கிரேன் வரைந்த பஸ் சாயர். இவர் கடற்படை விமானி, பின்னாளில் இந்திரஜால் காமிக்ஸ் வழியாக இந்தியாவுக்கு வந்தவர். இந்த வரிசையைத்தான் ‘கோல்டன் ஏஜ்’ என்று உலகமே சொல்கிறது. நாமும் பொற்காலம் என்று மொழிபெயர்த்துக்கொண்டோம்.

இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று நமக்குத் தோன்றலாம். அமெரிக்காவில் அதிகாரத்தில் இருந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. 1943 அக்டோபர் 17ம் தேதி, ‘டெர்ரி அண்ட் தி பைரேட்ஸ்’ ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் ஒரு மூத்த அதிகாரி, புதிதாக விமானியான பையனுக்குப் புத்தி சொல்கிறார். அந்தக் காமிக்ஸ் பக்கத்தை அமெரிக்க நாடாளுமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பிலேயே சேர்த்துக்கொண்டார்கள்! அதை வரைந்த மில்டன் கேனிஃப்தான், 1942ல் அமெரிக்க ராணுவம் சீனாவுக்குப் போகிற சிப்பாய்களுக்காகப் போட்ட கையேட்டுக்கும் படம் வரைந்தார். சீனரையும் ஜப்பானியரையும் எப்படிப் பிரித்து அடையாளம் காண்பது என்று அதில் ஒரு படப்பாடம். கண் எப்படி, பல் எப்படி, நடை எப்படி, கால் விரல் எப்படி... மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

அங்கே ‘ரைட்டர்ஸ் வார் போர்டு’ என்று எழுத்தாளர்களின் அமைப்பு ஒன்று இருந்தது. 1943ல் அது காமிக்ஸுக்கென்றே தனிக் குழு வைத்தது. பதிப்பகங்களோடு பேசி, எதிரியை எந்த அளவுக்கு வெறுக்க வைக்கலாம் என்று யோசனை சொன்னது. பிளாக்ஹாக் குழுவில் எல்லோரும் சூரப்புலி விமானிகள். ஒருவர் மட்டும் சீனர், பெயர் சாப்-சாப். எடுப்பான பல், குடுமி, கையில் கறி வெட்டும் கத்தி. வேலை, சமையல்!

அந்தப் பொற்கால வானத்தில் ஆசியாக்காரனுக்குப் பெரும்பாலும் இரண்டே உத்தியோகம்தான். சுடப்படுவது ஒன்று, சமைத்துப் போடுவது இன்னொன்று.

*

உடனே சண்டைக்கு வராதீர்கள். காமிக்ஸ் படிப்பதே தப்பு என்று சொல்கிற வாத்தியார் கட்சியில் நான் இல்லை.

1972ல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன், இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முல்லை தங்கராசன் ஆசிரியராக இருந்தார். பாடப் புத்தகத்தைத் தொடாத பையன்களைக்கூட எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்ததில் அவர்களுக்கு இருக்கிற பங்கைத் தமிழ்நாடு இன்னும் சரியாக ஒப்புக்கொள்ளவில்லை. ராபின்ஸின் படங்களைப் பாருங்கள். பிரஷ்ஷை மையில் முக்கி, பாதி முகத்தை இருட்டில் போட்டுவிடுவார். மீதி முகத்தில் கதையே தெரியும். ஓவியம் கற்றுக்கொள்கிறவர்கள் இன்றைக்கும் அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

என் கேள்வி வேறு. படிக்கிற பையன் எங்கே உட்கார்ந்துகொண்டு படித்தான்?

காக்பிட்டில். அந்தக் கதைகள் எல்லாமே அங்கேதான் நம்மை உட்கார வைத்தன. ஒரு கட்டத்தில் விமானியின் முகம், அடுத்த கட்டத்தில் அவர் பார்க்கிற காட்சி. பூமி என்பது அங்கிருந்து பார்த்தால் ஒரு வரைபடம். வயல் கட்டம் கட்டமாக இருக்கும், பாலம் தீக்குச்சி மாதிரி இருக்கும். விமானம் தாழ்ந்து வரும்போது, சின்னச் சின்னப் புள்ளிகளாக மனிதர்கள் ஓடுவார்கள். டமால்! பக்கத்தைப் புரட்டினால் ஜார்ஜ் பத்திரமாக இறங்கி, சிகரெட் பற்றவைப்பார்.

பத்து வயசுப் பையன் மேலே உட்கார்ந்து படித்ததில் குற்றமில்லை. அவனுக்கு அந்த ஒரு சீட்தான் கொடுக்கப்பட்டது. ஆனால் நாற்பது ஐம்பது வயசான பிறகும் அந்தப் புள்ளிகள் யார் என்று கேட்காமல் இருப்பதுதான் பிரச்னை.

நான் சொல்லட்டுமா அந்தப் புள்ளிகள் யார் என்று?

*

1941 டிசம்பர் 23. ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் முதல் தடவையாகக் குண்டு போட்டன. கிறிஸ்துமஸ் அன்றைக்கு மறுபடியும். 1931 மக்கள்தொகைக் கணக்குப்படி, ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் ரிக்‌ஷா இழுத்தவர்களும் தெலுங்கர்கள், தமிழர்கள். வட்டிக்கடைகளில் செட்டிநாட்டுக்காரர்கள். வானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்றவர்கள்தான் முதலில் செத்தார்கள்.

அதன் பிறகு தொடங்கியது நடை. சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். பெரும் பகுதி கால்நடையாகவே. அரக்கான் மலை வழியாகக் கொஞ்சம் பேர், மணிப்பூர் வழியாகக் கொஞ்சம் பேர், வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கு வழியாகக் கொஞ்சம் பேர். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பாதை, கறுப்பர்களுக்கு ஒரு பாதை என்று பிரித்ததாக அன்றைக்கே பெரிய குற்றச்சாட்டு கிளம்பியது. விமானம் ஏறித் தப்பியவர்களும் உண்டு. அந்த சீட் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டுமா?

நடந்தவர்களில் ஒருவர் வெ. சாமிநாத சர்மா. ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தவர், பிளேட்டோவின் அரசியலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். தான் நடந்து வந்ததை ‘எனது பர்மா வழி நடைப் பயணம்’ என்று புத்தகமாகவே எழுதி வைத்திருக்கிறார். எந்த சாகசக் கதைக்கும் குறையாத பயணம் அது. அதில் விமானம் தலைக்கு மேலே இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் 1942 ஏப்ரல். 5ம் தேதி ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பு மீது விமானத் தாக்குதல். அங்கொடை மனநல மருத்துவமனை மீதும் குண்டு விழுந்தது. 6ம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். 9ம் தேதி திருகோணமலை. அந்த வாரம் மெட்ராஸ் எப்படி இருந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஊரே காலியானது. அரசாங்க அலுவலகங்கள் வெளியூர்களுக்கு ஓடின. கூண்டு உடைந்தால் ஆபத்து என்று, உயிரியல் பூங்காவில் இருந்த சிங்கம், புலிகளைச் சுட்டுத் தள்ளினார்கள். உண்மையில் குண்டு விழுந்தது அடுத்த வருஷம், 1943 அக்டோபரில், ஒரே ஒரு ஜப்பானிய விமானத்திலிருந்து.

சிங்கவரத்து நண்பருக்கு இன்னும் பக்கத்திலேயே காட்டலாம். செஞ்சியிலிருந்து விழுப்புரம் வழியாக உளுந்தூர்பேட்டைக்கு 70, 80 கிலோமீட்டர். அங்கே ஒரு பழைய ஓடுதளம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்காகப் போட்டது. சோழவரம், கயத்தாறு, செட்டிநாடு என்று தமிழ்நாடு முழுக்க அந்த மாதிரி ஓடுதளங்களைப் போட்டார்கள். சோழவரத்தில் பிற்பாடு கார் ரேஸ் நடந்தது. யுத்தம் நம் வயல்வெளி வரைக்கும் வந்து தார் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறது. நாம்தான் அதை பசிபிக் பெருங்கடலில், யாருக்கோ நடந்த சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மலேயா கதை இன்னும் மோசம். சயாம்-பர்மா ரயில்பாதை, 415 கிலோமீட்டர். 1942, 43ல் ஜப்பானியர்கள் போட வைத்தது. அதில் வேலை பார்த்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர், செத்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சத்துக்குக் குறையாது. அதில் செத்தவர்கள் சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் அதில் பெருங்கூட்டம். அதே பாதையையும் பாலங்களையும்தான் பின்னால் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசித் தகர்த்தன. காமிக்ஸில் நாம் கைதட்டுவோமே, ‘பாலம் காலி!’ என்று, அந்தப் பாலம். அதைக் கட்டிய கை யாருடையது?

1957ல் ‘பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ என்று படமெடுத்தார்கள். ஆஸ்கரை அள்ளியது. படம் பிடித்தது இலங்கையில், கித்துல்கலவில். கதையில் தோட்டத் தமிழனுக்குத்தான் இடமில்லை.

இந்தக் கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதி ‘பொற்காலம்’ என்று தலைப்புப் போட்டுவிட்டால், எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

*

‘காமிக்ஸ்தானே சார், இதுல எதுக்கு இவ்வளவு சீரியஸ்?’ என்று கேட்பீர்கள். இதற்கு அமெரிக்கர்களும் ஜப்பானியர்களுமே பதில் சொல்லியிருக்கிறார்கள்.

ஹார்வி கர்ட்ஸ்மன் என்கிற அமெரிக்கர், 1950ல் ‘டூ-ஃபிஸ்டட் டேல்ஸ்’, அடுத்த வருஷம் ‘ஃப்ரன்ட்லைன் காம்பட்’ என்று இரண்டு போர் காமிக்ஸ்களை நடத்தினார். கொரியாவில் அவர் நாட்டுப் பையன்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில், ஆற்றில் மிதந்து போகிற ஒரு பிணத்தைப் பற்றிக் கதை போட்டார். அந்தப் பிணம் எதிரி நாட்டுக்காரனுடையது. எதிரிக்கும் முகம் உண்டு என்று காமிக்ஸிலேயே சொல்ல முடிந்தது. கடையில் பத்து சென்ட்டுக்கு விற்ற புத்தகத்தில்!

ஜப்பானில் கெய்ஜி நாகாசாவா. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. அப்பாவையும் உடன்பிறந்தவர்களையும் பறிகொடுத்தவர். 1973ல் அதையே ‘பேர்ஃபுட் ஜென்’ என்று படக்கதையாக வரைய ஆரம்பித்தார். எங்கே தெரியுமா? இலக்கியச் சிறுபத்திரிகையில் இல்லை. பையன்கள் படிக்கிற வெகுஜன வாரப் பத்திரிகையில். அதில் அமெரிக்காவை மட்டும் திட்டவில்லை. யுத்தத்துக்கு ஜே போட்ட சொந்த நாட்டுக்காரர்களையும் விடவில்லை.

நம் ஊரிலோ தீபாவளிக்கு ‘ஆட்டம் பாம்’ என்றே பட்டாசு விற்கிறோம். திரியைக் கொளுத்திவிட்டு நாலடி தள்ளி நின்று காதைப் பொத்திக்கொள்கிறோம். குண்டு என்றால் நமக்கு இன்னமும் போடுகிறவன் பக்கத்துச் சந்தோஷம்தான்.

*

இது நம் பரம்பரைக் குணமா என்றால், இல்லவே இல்லை. அதற்கு சிங்கவரமே சாட்சி.

செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜன் 1714ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி உயிரை விட்டான். வயசு 22. சண்டைக்குக் கிளம்பும் முன்பு சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்கப் போனானாம். போகாதே என்று சொல்கிற மாதிரி, சுவாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். படுத்த கோலத்தில் முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருப்பதற்கு இன்றைக்கும் ஊரில் சொல்கிற காரணம் இதுதான். அவன் கேட்கவில்லை. போனான், செத்தான்.

இந்தக் கதை தமிழ்நாடு முழுக்க எப்படிப் பரவியது? ‘பெரிய எழுத்து’ புத்தகங்களாக. மலிவுக் காகிதம், கொட்டை எழுத்து, அங்கங்கே ஒரு படம். திருவிழாக் கடைகளில் விற்றது. படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டுப் படிக்க, தெருவே கேட்டது. சுத்தமான வெகுஜனச் சரக்கு. அந்தக் காலத்து காமிக்ஸ் என்றே சொல்லலாம். பாராசாரிக் குதிரை பாய்கிற பாய்ச்சலுக்கு எந்தப் போர் விமானமும் ஈடாகாது!

ஆனால் அந்தக் கதை யார் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். ஜெயித்த நவாப் பக்கம் இல்லை. தோற்றவன் பக்கம். கல்யாணக் கோலத்திலிருந்து எழுந்து சண்டைக்கு வந்து செத்துப்போன முஸ்லிம் நண்பனுக்காக அழுகிறது. உடன்கட்டை ஏறிய இளம் மனைவிக்காக அழுகிறது. குதிரைக்காக அழுகிறது. செஞ்சிப் பக்கம் நீலாம்பூண்டியில் அந்த நண்பனுக்கும் குதிரைக்கும் சமாதி காட்டுவார்கள். குதிரைக்குச் சமாதி கட்டிய ஊரய்யா இது! ஜார்ஜ் கதையில் ஒரு விமானம் நொறுங்கினால் அடுத்த பக்கத்தில் புது விமானம் வரும். கீழே நொறுங்கியவர்களுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை மராட்டிய ராணுவக் கோட்டைகளின் வரிசையில் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. சந்தோஷம். சுவருக்கு மரியாதை கிடைத்துவிட்டது. சுவருக்குக் கீழே விழுந்தவனையும் பாடுகிற பழக்கம் இந்த மண்ணுக்கு இருந்ததே, அது எங்கே போனது?

*

அது போனதால் என்ன நஷ்டம் என்று கேட்டால், ஈழத்தைப் பாருங்கள்.

1995 ஜூலை 9. யாழ்ப்பாணம் நவாலியில் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஜனங்கள் மேல் இலங்கை விமானப்படை குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதே வருஷம் செப்டம்பர் 22. வடமராட்சியில் நாகர்கோவில் பள்ளிக்கூடம். செத்தது சின்னப் பிள்ளைகள். இங்கே அந்தச் செய்திகள் எத்தனை நாள் பேசப்பட்டன?

2007 மார்ச் 26 அதிகாலை, புலிகளின் சிறிய விமானங்கள் கட்டுநாயக்கா தளத்தின் மேல் பறந்து குண்டு போட்டன. இறந்தது மூன்று பேர். தமிழனுக்கும் விமானப்படை வந்துவிட்டது என்று இங்கே டீக்கடை டீக்கடையாகப் பூரித்தோம். குண்டு வாங்கியபோது சீக்கிரம் மறந்தோம், குண்டு போட்டபோது கொண்டாடினோம். காரணம் வேறொன்றுமில்லை. சின்ன வயசிலிருந்து நமக்குப் பழக்கமான சீட் அது.

வன்னியில் நடந்ததைப் படக்கதையாகச் சொல்ல ஒரு புத்தகம் வந்தது. 2019ல், ‘வன்னி’ என்ற பெயரிலேயே. எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ், ஐ.நா. பணிக்காக அங்கே இருந்தவர். வரைந்தவர் லிண்ட்சே பொல்லாக். வெளிவந்த மொழி ஆங்கிலம். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால், பதுங்குகுழிக்குள் கிடந்தவனின் மொழி தமிழ். அதை முதலில் வரைந்திருக்க வேண்டியவர்கள் யார்?

*

‘வரைந்தால் யார் வாங்குவார்கள்?’ என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி, பதில் சொல்லியாக வேண்டும்.

வெளிநாட்டுக் காமிக்ஸுக்கு உரிமைத்தொகை கொடுத்தால் போதும், படம் ரெடி. மொழிபெயர்த்து அச்சடித்துவிடலாம். வரைகிற செலவை அவர்கள் ஊரிலேயே எடுத்திருப்பார்கள். சொந்தமாக வரைந்தால் ஓவியருக்கு மாசக்கணக்கில் சம்பளம். அந்த முழுச் செலவையும் சில ஆயிரம் தமிழ்ப் பிரதிகள் தாங்க வேண்டும். ஒரு சிறிய பதிப்பாளரால் முடியாது. அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

ஆனால் வழி இல்லாமல் இல்லை. நாகாசாவா செய்ததுதான் வழி. முதலில் வாரப் பத்திரிகையில் தொடர், பிறகு புத்தகம். ஓவியரின் செலவைப் பத்திரிகை ஏற்றுக்கொள்ளும், புத்தகச் செலவைப் பதிப்பாளர் பார்த்துக்கொள்வார். தமிழ் வாரப் பத்திரிகைகள் ஒவ்வொரு தொடர்கதைக்கும் ஓவியர் வைத்துப் படம் போட்டு வளர்ந்தவைதான். சினிமா நட்சத்திரத்தின் கல்யாண ஆல்பத்துக்குப் பத்துப் பக்கம் ஒதுக்க முடிகிறது. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களுக்கு வாரம் இரண்டு பக்கம் ஒதுக்க முடியாதா? நீங்கள் கையில் பிடித்திருக்கும் இந்தப் பத்திரிகையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

லயன்-முத்து குழுவினர் 2012ல் மறுபடி எழுந்து வந்து, முன்பதிவு முறையில் கெட்டி அட்டைப் புத்தகங்களே போட்டுக் காட்டியிருக்கிறார்கள். வாசகர்கள் முன்பணம் கட்டக் காத்திருக்கிறார்கள் என்பது நிரூபணமான விஷயம். வருஷத்துக்கு ஒன்று, ஒரே ஒன்று, நம் மண்ணின் கதையாக இருக்கட்டும். கதைக்கும் பஞ்சமில்லை. சாமிநாத சர்மா இருக்கிறார். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ இருக்கிறது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ இருக்கிறது. அது வெளிவந்த வருஷம் 1972. முத்து காமிக்ஸ் பிறந்த அதே வருஷம்! மெடானிலும் பினாங்கிலும் யுத்த காலத்தில் தமிழன் எப்படி வாழ்ந்தான் என்று சிங்காரம் எழுதியதும், மாயாவியின் இரும்புக் கை நம் ஊருக்கு வந்ததும் ஒரே வருஷத்தில். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. இனிமேலாவது அறிமுகப்படுத்தி வையுங்கள்.

பள்ளிக் கல்வித் துறை, ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று மாணவர்களுக்குப் பத்திரிகை நடத்துகிறது. நல்ல காரியம். அதில் உளுந்தூர்பேட்டை ஓடுதளத்தைப் பற்றி ஒரு படக்கதை வரட்டும். செஞ்சிப் பிள்ளைகள் தேசிங்குராஜன் கதையைத் தாங்களே கட்டம் கட்டி வரையட்டும். மேலிருந்து பார்க்கிற கோணம் ஒன்று, கீழிருந்து பார்க்கிற கோணம் ஒன்று என்று ஓவிய வாத்தியார் கற்றுக்கொடுக்கட்டும்.

சேகரிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பழைய இதழுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிப் பெட்டியில் பூட்டிவைக்கிறீர்கள். பூச்சி அரித்தால் அதோடு போச்சு. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பெரிய நூலகங்கள் ஒதுக்கிய வெகுஜன அச்சுச் சரக்கையெல்லாம் ஒரு தனி மனிதர் சேர்த்துவைத்ததால் உருவான இடம். உங்களிடம் இருப்பதற்கு ஒரு நகலாவது அங்கே போகட்டும். அந்தப் புத்தகங்கள் நமக்கு என்ன கற்றுக்கொடுத்தன, எதை மறைத்தன என்று நாளைக்கு ஒருவர் உட்கார்ந்து ஆராய வேண்டும்.

கடைசியாக உங்களுக்கு, அதாவது இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு. 1942ல் பத்து வயசாக இருந்தவர் இன்றைக்குத் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில், பர்மாவிலிருந்தோ மலேயாவிலிருந்தோ வந்த குடும்பம் ஒன்று கட்டாயம் இருக்கும். அங்கே ஒரு பாட்டி, ஒரு தாத்தா இன்னும் மிச்சமிருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேளுங்கள். எந்த வழியாக வந்தீர்கள், யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள், யாரை வழியில் விட்டுவிட்டு வந்தீர்கள், விமானச் சத்தம் கேட்டபோது எங்கே ஒளிந்தீர்கள் என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். படம் வரையத் தெரியாவிட்டால் பரவாயில்லை, அதற்கு ஆள் பிறகு வருவார். சொல்வதற்கு இருப்பவர்கள் மட்டும்தான் பிறகு வர மாட்டார்கள்.